உன் அய்யாவின் வண்டியை நாங்கள் பிரித்தபோது

மகனே,

நீ வந்துவிட்டுப் போன மறுநாள் உன் மாமா முருகேசன் இங்கே வந்திருந்தான். நீ மதுரையில் மோட்டார் சைக்கிள் வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன என்றும், ஊருக்கு வரும்போதெல்லாம் அதை ராமநாதபுரத்தில் அவன் வீட்டில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து பஸ் ஏறி வருகிறாய் என்றும் சொன்னான். சொல்லி முடித்த பிறகு, "அக்கா, நான் சொன்னேன்னு அவன்கிட்டச் சொல்லிராத" என்றான். சொல்லாமல் எப்படி இருப்பது? எனக்குக் கோபமில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள். நீ ஏன் மறைத்தாய் என்பதும் எனக்குப் புரிகிறது. உன் அய்யா மோட்டார் சைக்கிளில் போய்த்தான் இறந்தார் என்பது உனக்குத் தெரியும். அதற்கு மேல் உனக்கு என்ன தெரியும், யார் யார் என்ன சொல்லிக் கேட்டிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது. நானாக உட்கார்ந்து உன்னிடம் சொன்னதில்லை. நேரில் சொன்னால் நடுவில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன்.

உன் அய்யா பட்டாளத்தில் லாரி ஓட்டினார். உலகச் சண்டை முடிந்து ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில், மண்டபம் ஊரில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று போனவர், அந்த வண்டியோடு வந்தார். பச்சைப் பெயின்ட் உரிந்த கனமான வண்டி. அதை உதைத்துக் கிளப்பினால் கொட்டிலில் மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். உன் தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டில் இது எதற்கு என்றார். ஆனால் மிளகாய் விலை கேட்க ராமநாதபுரத்துக்கு மாட்டு வண்டியில் ஒரு நாள் முழுக்கப் போய்வந்த மனிதருக்கு, மகன் காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து விலை சொன்னது வசதியாகத்தான் இருந்தது. ஒரு தடவை என்னைப் பின்னால் உட்காரவைத்து வாலிநோக்கத்துக்குக் கூட்டிப்போனார். உப்பளத்து வரப்பில் நின்ற பெண்கள் எல்லாம் கையைக் காட்டிச் சிரித்தார்கள். முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவர் சட்டையைப் பிடிக்க வெட்கப்பட்டு, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போய் வந்தேன். உள்ளங்கை சிவந்துபோனது. இப்போது போவதானால் சட்டையைப் பிடித்துக்கொள்வேன்.

அவர் விழுந்தது ராமநாதபுரத்திலிருந்து வரும் வழியில், கண்மாய்க் கரை ஓரமாக ரோடு நேராக ஓடுகிற இடத்தில். வளைவு கிடையாது, பள்ளம் கிடையாது, எதிரே வண்டி வாகனமும் வரவில்லை. ரோட்டோரப் பனைமரத்தில் தலை அடித்திருந்தது. பின்னால் மாட்டு வண்டியில் வந்த ஒருவர்தான் பார்த்து, தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். வீடு வந்து சேரும்போது உயிர் இல்லை. மோட்டார் சைக்கிளை மறுநாள் மாட்டு வண்டியில் ஏற்றிவந்து கொட்டிலில் போட்டார்கள். நீ அப்போது என் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை.

நேரான ரோட்டில், பட்டப்பகலில், பட்டாளத்தில் லாரி ஓட்டிய மனிதர் எப்படி விழுவார்? ஊர் அதற்கு ஒரே பதில்தான் வைத்திருந்தது. மதுவிலக்கு வந்திருந்த காலம். ஆனாலும் அந்தக் கண்மாய்க்குப் பின்னால் உள்ள பனங்காட்டில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பட்டாளத்துக்காரன், அங்கே இறங்கிக் குடித்துவிட்டு வந்திருப்பான் என்றார்கள். துக்கம் கேட்க வந்தவர்களே வாசலில் நின்று அதைப் பேசினார்கள். உன் தாத்தா அதை நம்பினார். கருமாதி முடிந்த பிறகு மகன் பேரை அவர் வாயில் நான் கேட்கவில்லை. எப்போதாவது சொல்ல வேண்டி வந்தால் "குடிச்சுச் செத்த பய" என்பார். உன்னை மடியில் வைத்துக்கொண்டே சொல்வார்.

நான் நம்பினேனா என்று கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. பட்டாளத்தில் குடித்ததுண்டு என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஊருக்கு வந்த பிறகு விட்டுவிட்டதாகவும் சொன்னார். வீட்டுக்கு ஒருநாளும் அந்த வாடையோடு வந்ததில்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் குடித்திருக்க மாட்டார் என்று யாரிடம் சத்தியம் செய்ய முடியும்? தாத்தா அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் பேசாமல் இருந்தேன். வண்டியை இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று அவர் சொன்னபோது மட்டும், வேண்டாம், கொட்டிலில் கிடக்கட்டும் என்றேன். காரணம் கேட்டார். சொல்லத் தெரியவில்லை. அது கோழி அடையும் இடமாகக் கிடந்தது.

நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கண்மாயில் தண்ணீர் இல்லை. நம் புஞ்சைக் கிணற்றில் மட்டும் இருந்தது. ஆனால் கமலை இழுத்த மாடுகளில் ஒன்று நோவு வந்து செத்துவிட்டது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு கிணற்று நீரை மேலே கொண்டுவர முடியாது. மிளகாய் நாற்றை ஊன்றியாகிவிட்டது. குடத்தில் சுமந்து ஊற்றினேன். ஒரு பாத்தி நனைவதற்குள் முந்தின பாத்தி காய்ந்துவிடும். அப்போதுதான் முருகேசன் ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தான். அவன் ராமநாதபுரத்தில் பஸ் ஷெட்டில் மெக்கானிக். கொட்டிலைக் காட்டி, "இந்த இஞ்சினை வச்சுத் தண்ணி எடுக்க முடியுமாடா?" என்று கேட்டேன்.

அவன் கோழிகளை விரட்டிவிட்டு உட்கார்ந்து, உதைக்கும் கம்பியைக் காலால் அழுத்திப் பார்த்தான். அசையவில்லை. மேலே ஏறி நின்றான். அப்போதும் அசையவில்லை.

"உள்ள இறுகிக் கெட்டிச்சுக் கெடக்குக்கா. பிரிச்சாத்தான் தெரியும். பிரிச்சா ஒம் மாமனாரு ஏதும் சொல்வாகளா?"

"நீ பிரி. நான் சொல்லிக்கிறேன்."

உண்மையைச் சொன்னால், தண்ணீருக்காக மட்டும் அதைக் கேட்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. தண்ணீர் என்ற காரணம் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

கொட்டிலைக் கூட்டி மெழுகி, பழைய கதவுப் பலகையைப் போட்டு, கழற்றியதை எல்லாம் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினோம். இஞ்சினின் தலையை எடுத்ததும் பிஸ்டனின் மேல்பாகம் தெரிந்தது. சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். அடுத்த ஞாயிறு முருகேசன் வந்து, கட்டையை வைத்துச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினான். நான் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். சிலிண்டர் கழன்று என் கைக்கு வந்தபோது உள்சுவர் முழுக்க நகத்தால் பிறாண்டியது போல் கோடு கோடாக இருந்தது. பிஸ்டனின் ஒரு பக்கம் உருகி வழித்தெடுத்த மாதிரி இருந்தது. முருகேசன் எழுந்துபோய் வண்டியின் ஆயில் டாங்கியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தான்.

"ஆயில் இருக்குக்கா. நெறைய இருக்கு. அத்தான் ஊத்தித்தான் வச்சிருக்காக. ஆனா இங்கன வந்து சேரல."

பிறகு ஆயில் பம்பைக் கழற்றினான். ஆயிலை டாங்கியிலிருந்து இழுத்து இஞ்சினுக்குள் தள்ளுவது அதுதான். அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம், என் சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது, பல்லெல்லாம் மழுங்கி வழவழவென்று இருந்தது. இஞ்சின் ஓடியிருக்கிறது, பம்பு சுழலவில்லை. ஆயில் இல்லாமல் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது.

"அப்ப வண்டி என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கிரும். ஓட்டிக்கிட்டுப் போறவனுக்கு ஒண்ணும் புரியாது. கிளச்சைப் பிடிக்கிறதுக்குள்ள தூக்கி வீசிரும்."

"குடிச்சிருந்தா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "குடிச்சிருந்தாலும் வீசும். குடிக்காட்டியும் வீசும். நாங்க ஷெட்டுல இருக்கிற யாரு ஓட்டியிருந்தாலும் வீசும்."

அந்தப் பிஸ்டனைத் துணியில் துடைத்து எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். உன் தாத்தா அங்கே மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனவள், அவர் முன்னால் நின்றதும் எல்லாம் மறந்துபோய், பிஸ்டனைக் கையில் கொடுத்துவிட்டேன்.

"இது என்ன தாயி?"

"அவுக வண்டிக்குள்ள இருந்தது மாமா. ஆயில் வராம ஒட்டிப்போச்சாம். ஒட்டுனா சக்கரம் பூட்டிக்கிருமாம். அதுலதான் விழுந்திருக்காக."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உருகிய பக்கத்தில் பெருவிரலை வைத்துத் தேய்த்தார். "ரோட்டுல ஒரு தடம் கெடந்துச்சுன்னு, அவனைத் தூக்கியாந்த மாட்டு வண்டிக்காரன் சொன்னான்" என்றார். "ஏரு உழுத மாதிரி ஒத்தக் கோடு, மரம் வரைக்கும். சக்கரம் உருளாம இழுபட்ட மாதிரி இருந்துச்சு, வந்து பாருங்கன்னு கூப்பிட்டான். எனக்கு அவமானமா இருந்துச்சு. நான் போகல." பிஸ்டனைத் திருப்பித் தரவில்லை, மடியில் கட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, சிலிண்டர் எங்கே என்று கேட்டார். சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து சரிசெய்ய மதுரைக்குப் போக வேண்டும், பெரிய அளவில் புதுப் பிஸ்டன் வாங்க வேண்டும் என்று முருகேசன் சொல்லியிருந்தான். தாத்தா அதைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். முருகேசனும் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனான். லேத் பட்டறையில், யாருடைய வண்டி என்று கேட்டிருக்கிறார்கள். "என் மகன் வண்டி" என்றாராம். "அவர் வரலையா?" என்று கேட்டார்களாம். "நான் வந்திருக்கேன்ல" என்றாராம். பழைய பட்டாளத்து வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையில் ஆயில் பம்பு எடுத்துக் கொடுத்தபோது, பிரித்துக் காட்டினால்தான் வாங்குவேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். கடைக்காரர் எரிச்சலோடு பிரித்துக் காட்ட, பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் நகத்தால் தடவிப் பார்த்து, இது வேண்டாம், அடுத்ததை எடு என்றாராம். மூன்றாவதோ நாலாவதோதான் அவருக்குப் பிடித்திருக்கிறது. முருகேசன் இதைச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டியை மறுபடி ரோட்டில் ஓட்டும் எண்ணம் எங்கள் யாருக்கும் இல்லை. தண்ணீர் இறைக்கும் இஞ்சினாக மாற்ற வேண்டும். பெட்ரோல் கட்டுப்படியாகாது, மண்ணெண்ணெயில் ஓட வேண்டும். மண்ணெண்ணெய் என்றால் இஞ்சினுக்குள் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் உள்ளே சுத்தியலால் அடித்தது போலத் தட்டுமாம். அதற்காகச் சிலிண்டருக்கும் தலைக்கும் நடுவே தடிமனான செம்புத் தகடு கேட்டான் முருகேசன். என் சீர்ச் சாமானில் அடி நசுங்கிய செம்புப் பானை ஒன்று இருந்தது. அதன் அடியை வெட்டி, அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மெத்தென்று ஆக்கி, உளியாலும் அரத்தாலும் அளவுக்கு நானே வெட்டினேன். புகைபோகும் சூடான குழாயை ஒட்டி மண்ணெண்ணெய்க் குழாயைச் சுற்றினோம், சூடேறினால்தான் மண்ணெண்ணெய் சரியாக எரியும் என்று. வண்டி ஓடும்போது காற்று பட்டு இஞ்சின் ஆறும். ஒரே இடத்தில் நின்றால் எது ஆற்றும்? ஷெட்டில் கழித்துப்போட்ட லாரி விசிறி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, இஞ்சின் ஓட்டத்திலேயே சுற்றும்படி அதற்கு எதிரே மாட்டினான். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டியைக் கிணற்றடியில் பனங்கட்டையில் இறுக்கினோம். பின்சக்கரத்தில் டயரை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இரும்பு வளையத்திலேயே பெல்ட்டைப் போட்டு, முருகேசன் பழசாக வாங்கிவந்த தண்ணீர்ப் பம்போடு இணைத்தோம்.

முதல் தடவை கிளப்பியபோது ஓடியது. ஆனால் நீலப்புகை கக்கியது, பம்பை இழுக்கச் சக்தி இல்லை. மறுபடி பிரித்தோம். பிஸ்டனில் மாட்டும் ரிங்குகளை நான்தான் போட்டிருந்தேன். ஒவ்வொரு ரிங்கிலும் ஒரு வெட்டுவாய் உண்டு. அவற்றை ஒன்றுக்கொன்று விலக்கிப் போட வேண்டும். எனக்குத் தெரியாமல் நேராக ஒரே கோட்டில் போட்டுவிட்டேன். முருகேசன் திட்டினான். "நீ சொல்லலையே" என்றேன். "சொல்லலைதான்" என்றான். திருத்திப் போட்டோம். அடுத்த தடவை நடுக்கத்தில் பனங்கட்டையே நகர்ந்துவிட்டது. குழிதோண்டிக் கல்லும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையைப் புதைத்தோம். செடிகள் தலை தொங்கத் தொடங்கியிருந்தன. எங்களுக்குள் சண்டைகூட வந்தது.

தண்ணீர் வந்த அன்று ஊரில் பாதிப்பேர் கிணற்றடியில் நின்றார்கள். முருகேசன் பெட்ரோலில் கிளப்பி, சூடேறும்வரை பொறுத்து, மண்ணெண்ணெய்க்குத் திருப்பினான். இரண்டு மூன்று தடவை இருமியது. பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. குழாயில் முதலில் சேறு, பிறகு தண்ணீர். வாய்க்காலில் அது ஓடுவதைப் பார்த்துப் பெண்கள் குலவையிட்டார்கள். உன் தாத்தா தண்ணீரைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து பழைய பிஸ்டனை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது.

"ஏலே, எல்லாரும் பாத்துக்கங்க. என் மகன் குடிச்சு விழுகல. இது கெட்டிச்சு விழுந்தான். நானே தப்பாப் பேசிட்டேன். இனி எவனும் பேசாதீங்க."

ஒரு பெரியவர் மட்டும் வந்து அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கோடை முழுக்கத் தாத்தா அதை மடியிலேயே வைத்திருந்தார். டீக்கடையில், உத்தரகோசமங்கைக் கோயில் வாசலில், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எடுத்துக் காட்டினார். கேட்டவர்களே திரும்பக் கேட்டார்கள். சிலர் அவரைக் கண்டால் வேறு தெருவில் போனார்கள். நான் தடுக்கவில்லை. அதற்கு முன்பு பேசியதை எல்லாம் அவர் ஒவ்வொரு இடமாகப் போய்த் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்.

மிளகாய் முழுதாகப் பிழைக்கவில்லை. ஓரத்துப் பாத்திகள் போய்விட்டன. மற்றது காய்த்தது, அந்த வருஷம் சாப்பிட்டோம். நம் புஞ்சைக்குக் கரண்டு வரும்வரை அந்த இஞ்சின்தான் தண்ணீர் இறைத்தது. தினமும் நான்தான் உதைத்துக் கிளப்புவேன். முதலில் வேடிக்கை பார்த்தவர்கள் பிறகு, எங்கள் இஞ்சினைக் கொஞ்சம் வந்து பார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கரண்டு வந்ததும் தொண்டியிலிருந்து ஒருவர் வந்து வாங்கிப் போனார். அது போனபோது வருத்தமாக இருந்ததா என்றால், இல்லை. அதன் வேலை முடிந்திருந்தது.

ஒன்று மட்டும் உன்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்கு உன் அய்யா குடித்திருந்தாரா, இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. உன் தாத்தாவுக்கு அந்தப் பிஸ்டன் போதுமானதாக இருந்தது. எனக்கு அது விழுந்த காரணத்தை மட்டும்தான் சொன்னது. ஆனால் டாங்கி நிறைய ஆயில் ஊற்றி வைத்திருந்தார். வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்று நினைத்துப் புறப்பட்ட மனிதர். அது எனக்குப் போதும் என்று ஒரு கட்டத்தில் முடிவு செய்தேன். உன்னிடம் யாராவது வேறு மாதிரிச் சொன்னால் சண்டைக்குப் போகாதே. அம்மா இஞ்சினைத் திறந்து பார்த்தாள் என்று மட்டும் சொல்.

உன் வண்டி எந்த மாதிரி என்று முருகேசனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும், காலையில் கிளப்பியதும் ஆயில் ஓடுகிறதா என்று கண்ணால் பார். இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, ஓடுகிறதா என்று பார். ஓடும்போது சத்தம் மாறினால், எவ்வளவு அவசரமானாலும் நிறுத்து. கிளச்சில் இரண்டு விரல் எப்போதும் இருக்கட்டும். குடித்துவிட்டு வண்டியைத் தொடாதே, தொட்டால் நான் மதுரைக்கே வந்துவிடுவேன். பயப்படுகிறேனா என்று கேட்டால், பயப்படுகிறேன்தான். அதற்காக நீ பஸ்ஸில் வந்து இறங்கி, என் முன்னால் நல்ல பிள்ளையாக நடிக்க வேண்டாம். அந்த நடிப்பு எனக்கு வண்டியைவிடப் பயமாக இருக்கிறது.

அடுத்த தடவை அதிலேயே வா. பகலில் வா. வந்து சாப்பிட்டுவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் ரோட்டில் போ. அந்தக் கண்மாய்க் கரை வரும்போதெல்லாம், இத்தனை வருஷமாக, பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பனைமரம் இப்போது நிற்கிறதா, வெட்டிவிட்டார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. உன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது. அங்கே மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போ.

அம்மா